பழங்காசும் தரச்சான்றும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அப்பப்பாவின் தகரப்பெட்டியில் சில செப்புக்காசுகள் இருக்கின்றன. அவற்றின் ஒரு பக்கத்தில் நிற்கும் மனிதனும் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் மனிதனும் உள்ளனர். அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று எடுத்தால் பத்து மடங்கு விலை போகும் என்று கனடாவில் இருக்கும் மச்சான் சொல்கிறார். அங்கே உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் காசு யாருடையது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்லும் அமைப்பு முதலாம் இராசராசன் காலத்தில் இலங்கையில் பரவியது. பின்னர் பொலன்னறுவை மன்னர்களும் அதே அமைப்பைப் பின்பற்றிக் காசு வெளியிட்டார்கள். ஆகவே உருவத்தை வைத்து மட்டும் அரசரைச் சொல்ல முடியாது. அமர்ந்திருக்கும் உருவத்தின் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் உள்ள பெயரைப் படிக்க வேண்டும். அது இராசராசனாக இருக்கலாம், பராக்கிரமபாகுவாகவோ நிசங்கமல்லனாகவோ இருக்கலாம், அரசி லீலாவதியாகவும் இருக்கலாம். காசைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து அப்போது எழும்பித் தெரியும். 1924இல் வெளிவந்த கொட்றிங்டனின் இலங்கை நாணய நூலிலுள்ள படங்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இனித் தரத்துக்கு வருவோம். காசின் நிலையை 1 முதல் 70 வரையான எண்ணால் குறிக்கும், பலரும் கேள்விப்பட்டிருக்கும் 70 புள்ளி அளவுகோல் 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கப் பெரிய செப்புச் சதங்களுக்காக வகுத்தது. பழங்காசுகளுக்கு அது பொருந்தாது. இயந்திரத்தில் அடித்த காசுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், எனவே தேய்மானத்தை எண்ணால் அளக்கலாம். சம்மட்டியால் அடித்த காசில் அச்சு ஒரு பக்கம் விலகியிருக்கும், தகடு (காசாக அடிக்கும் உலோகத் துண்டு) அச்சைவிடச் சிறிதாக இருக்கும், பெயரில் பாதி தகட்டுக்கு வெளியே போயிருக்கும். இவை எவையும் தேய்மானத்தால் வந்தவை அல்ல. காசுகளுக்குத் தரச்சான்று வழங்கும், புளோரிடாவிலுள்ள என்.ஜி.சி. நிறுவனம் 2008இல் பழங்காசுகளுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியபோது, தேய்மானத்துக்கு ‘ஃபைன்’, ‘வெரி ஃபைன்’ போன்ற சொல்வழித் தரத்தையும், அச்சடிப்புக்கு 5இல் ஒரு புள்ளியையும், மேற்பரப்புக்கு 5இல் இன்னொரு புள்ளியையும் வைத்தது இந்த வேறுபாட்டைக் காட்டத்தான். புழக்கத்தில் அதிகம் தேயாத ஒரு காசு, பெயர் பாதி விழுந்த காரணத்தால், நல்ல தேய்மானத் தரத்தோடு அச்சடிப்பில் 2 புள்ளி மட்டும் பெறக்கூடும். சான்றிதழின் பெரிய எழுத்தைப் பார்த்துக் காசு வாங்குகிறவர்கள் சிறிய எண்களைப் படிப்பதில்லை. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் மச்சான் சொல்லும் பத்து மடங்கு விலைக்கு வருவோம். தரச்சான்று காசின் நிலையைச் சொல்கிறது, அதன் அருமையைக் கூட்டுவதில்லை. பராக்கிரமபாகுவின் செப்புக்காசு சேகரிப்பாளர் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது. சான்றுக் கட்டணமும் போகவரக் காப்புறுதியோடு தபால் செலவும் சேர்ந்தால் காசின் விலையையே தாண்டிவிடும். போலியென்று கருதும் காசுக்கு நிறுவனம் தரம் வழங்காது என்பது சரிதான். ஆனாலும் தரத்துக்குத் தரும் உத்தரவாதமும் உண்மைத்தன்மைக்குத் தரும் உத்தரவாதமும் ஒன்றல்ல. பணம் கட்டுமுன் பழங்காசுக்குரிய நிபந்தனைகளைத் தனியாக எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கும் சட்டத் தடையைச் சம்மாந்துறை வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். அதையும் படித்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: கறுத்துக் கிடந்த பழைய செப்புக்காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பொன்போல் ஆக்கிவிட்டேன். இதனால் தரம் கூடுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: குறையும், அதுவும் பெரிதாகக் குறையும். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யக்கூடாது. நூற்றாண்டுகளாகச் செம்பின் மேல் படிந்த கரும்பச்சை அல்லது மண்ணிறப் படலம் அழுக்கு அல்ல. அது காசைக் காக்கும் தோல், எழுத்தின் நுண்ணிய விளிம்புகளும் அதில்தான் பதிந்திருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். அடியில் வெளிப்படும் இளஞ்சிவப்புச் செம்பைப் பார்த்த உடனே எந்தத் தரமதிப்பீட்டாளரும் மேற்பரப்புப் புள்ளியைக் குறைத்துவிடுவார். போன படலத்தை மீட்க வழியில்லை. மிஞ்சியிருக்கும் காசுகளில் கையே வைக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, மென்மையான தூரிகையால் ஒற்றி எடுத்து, நன்றாக உலர விடுங்கள். குழாய் நீரும் கிணற்று நீரும் வேண்டாம். நம் பகுதிக் கிணறுகளில் பல உவர்க் கிணறுகள், உப்பிலுள்ள குளோரைட்டுதான் செம்பின் முதல் எதிரி.

எந்த இடத்திலாவது வெளிர்பச்சைத் தூள் பூத்து, தட்டினால் உதிர்ந்து, சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி பூத்தால் அது குளோரைட்டு நோய். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உள்ள நம் ஊர்களின் ஈரக்காற்றில் அது விரைவாகப் பரவும். அத்தகைய காசை உடனே தனியே பிரித்து, மற்றவற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள். பி.வி.சி. எனும் பிளாஸ்டிக்கில் செய்த உறைகள் நாளடைவில் பிசுபிசுப்பான பச்சைக் கசிவை ஏற்படுத்துவதால் அவற்றை வாங்க வேண்டாம்.

கேள்வி: வயலை உழும்போது உழவு இயந்திரத்தின் கொழுவில் சிக்கி ஒரு சட்டியும் அதற்குள் சிறு காசுகளும் வந்தன. இவற்றுக்குச் சான்று எடுத்து விற்கலாமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி நிலத்துக்குள்ளிருந்து வெளிப்படும் தொல்பொருள், காணி உங்களுடையதாக இருந்தாலும், அரசுக்கு உரியது. கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்துவிடுங்கள். அதிகாரிகள் வரும்வரை சட்டியை அதே நிலையில் வைத்து, கண்ட இடத்தை அடையாளமிட்டு, படமெடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேலும் கிண்டவும் வேண்டாம். கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சிறிய உரோமச் செப்புக்காசுகளும் அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தனித்தனியாக அவற்றின் விலை மிகக் குறைவு. எந்தச் சட்டியில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்ற தகவலுக்கே மதிப்பு அதிகம். பிரித்து விற்றால் அது திரும்பி வராது.

களுவாஞ்சிக்குடி வாசகர் கவனிக்க வேண்டியது இதுதான்: பரம்பரையாக வீட்டில் இருந்த காசு என்றாலும், தொல்பொருளாக இருந்தால், தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தரம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது இதற்கு விலக்கு ஆகாது. பயணப் பொதியில் போட்டுக் கொடுத்தனுப்பும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒல்லாந்தர் கம்பனியின் முத்திரையும் 1780 என்ற ஆண்டும் உள்ள செப்புக்காசு இருக்கிறது. இதுவும் பழங்காசா?
– மாணவர், வாழைச்சேனை

பதில்: தரமிடும் நிறுவனத்துக்கு அல்ல. ஆண்டு பொறித்த, இயந்திரத்தில் அடித்த காசு என்பதால் அதற்கு 70 புள்ளி அளவுகோலே பயன்படும். நமது சட்டமோ 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்வதால், அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் மேற்சொன்ன அனுமதிப்பத்திரம் வேண்டும்.