ஒரே ஏஜென்ட் போதாதா, துணை ஏஜென்ட் எதற்கு?

கிளாட் கோடில் (ஆந்த்ரோபிக்கின் நிரல் எழுதும் ஏஐ கருவி) துணை ஏஜென்ட், அதாவது முதன்மை ஏஜென்ட் ஒரு வேலையைப் பிரித்து ஒப்படைக்கிற இன்னொரு ஏஜென்ட், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வேலைக்குத் தேவையில்லை. ஆனால் நிரலுக்கு டெஸ்ட் ஓட்டினால் நூற்றுக்கணக்கான வரி லாக் (என்ன நடந்தது என்ற பதிவு) கொட்டும். அதெல்லாம் உங்கள் முதன்மை உரையாடலில் சேர்ந்தால், ஆரம்பத்தில் நீங்கள் சொன்னது அமுங்கிப்போகும். துணை ஏஜென்ட்டுக்குத் தனி கான்டெக்ஸ்ட் (மாடல் கண்முன் வைத்திருக்கும் உரை) உண்டு. லாக்கை அது படித்துவிட்டு, “தேதி ஃபார்மேட் டெஸ்ட் மட்டும் தோற்றது, காரணம் இது” என்று முடிவை மட்டும் கொண்டுவரும்.

துணை ஏஜென்ட்டை அமைப்பதற்கு ஒரு மார்க்டவுன் கோப்பு (எளிய உரைக் கோப்பு) போதும். அதில் விவரிப்பு வரிதான் உயிர். துணை ஏஜென்ட்டை எப்போது கூப்பிடுவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகிறது. டூல்களை (கோப்பைப் படிப்பது, மாற்றுவது போன்றவற்றுக்கானவை) குறிப்பிடாமல் விட்டால் முதன்மை ஏஜென்ட்டிடம் இருக்கிற எல்லாமே அதற்கும் கிடைத்துவிடும். கோடை ரிவ்யூ மட்டும் செய்கிற துணை ஏஜென்ட்டுக்குப் படிக்கிற டூல்களை மட்டும் கொடுங்கள். அப்புறம், நீங்கள் அதுவரை பேசியது எதுவும் அதற்குத் தெரியாது. எந்தக் கோப்பு, எதைத் தொடக்கூடாது என்று சொல்லியே அனுப்புங்கள்.