ஹாலெட் சிகரத்தின் அடியில், ட்ரீம் லேக் வரை

கேள்வி: அமெரிக்காவில் பனிக்காலத்தில் ஸ்னோஷூ (பனியில் கால் அமுங்காமலிருக்கப் பூட்ஸின் அடியில் கட்டும் அகலமான தட்டு) போட்டு நடக்க, முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற எளிய மலைப்பாதை எது? ஊரிலிருந்து வந்திருக்கும் அறுபது வயது அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். என் அம்மாவை நான் அழைத்துப் போயிருக்கிறேன். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: கொலராடோவில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குள், பேர் லேக்கில் தொடங்கி நிம்ஃப் லேக் வழியாக ட்ரீம் லேக் வரை.

டென்வரிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எஸ்டெஸ் பார்க் என்ற சிற்றூரைத் தாண்டிப் பூங்காவுக்குள் நுழைந்தால், பேர் லேக் சாலை பனிக்காலத்திலும் திறந்திருக்கும். பனியை ஒதுக்கிக்கொண்டே இருப்பார்கள். சாலை முடிகிற இடத்தில் பெரிய பார்க்கிங். அங்கேயே 2,888 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். அதாவது நம் தொட்டபெட்டா உச்சியைவிட இருநூறு மீட்டருக்கும் மேலே, காரை விட்டு இறங்கும்போதே. அங்கிருந்து நிம்ஃப் லேக் 0.8 கிலோமீட்டர், ட்ரீம் லேக் 1.8 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 130 மீட்டர்தான். போய்த் திரும்ப நிதானமாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன நடைக்கு இப்படி ஒரு காட்சி கிடைக்கிற இடம் இந்த மாநிலத்திலேயே அரிது என்பது என் எண்ணம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்காக அம்மா பிப்ரவரியில் வந்திருந்தார். வந்த நான்காம் நாளே, வானம் தெளிவாக இருக்கிறது என்று அவரை மலைக்கு அழைத்துப் போய்விட்டேன். திருநெல்வேலியில் கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர். பேர் லேக் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் 70 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். நிம்ஃப் லேக்கை எட்டுவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். "ஒண்ணுமில்லய்யா, நீ நட" என்றுதான் சொன்னார். நம் அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதை நம்பக் கூடாது. உடனே திரும்பினோம். எஸ்டெஸ் பார்க் வந்து சேர்வதற்குள் தலைவலி பாதி இறங்கிவிட்டது. உயரத்தால் வரும் தொல்லைக்கு முதல் மருந்தே கீழே இறங்குவதுதான்.

ஆகவே பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: டென்வரில் குறைந்தது ஒரு வாரமாவது இருக்க விடுங்கள். டென்வரே 1,600 மீட்டர். உடம்பு அங்கே கொஞ்சம் பழகட்டும். இரத்த அழுத்தமோ இதயத் தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். குளிரில் தாகம் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். சனி, ஞாயிறு என்றால் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்பே அங்கே இருந்தோம். பார்க்கிங்கை ஒட்டிக் கழிவறை இருக்கிறது. பாதையில் வேறு எங்கும் கிடையாது, அதை மறக்க வேண்டாம்.

ஸ்னோஷூவை எஸ்டெஸ் பார்க் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். ஆளின் எடையைக் கேட்டுத்தான் அளவு தருவார்கள். அது செய்கிற வேலையே உடம்பின் எடையைப் பரப்புவதுதான். புதுப்பனியில் வெறும் பூட்ஸோடு கால் வைத்தால் தொடை வரை உள்ளே போய்விடும். அகலமான தட்டின் மேல் நின்றால் சில விரற்கடை மட்டுமே அமுங்கும். வடக்கே கிரீ, ஒஜிப்வே பழங்குடி மக்கள் மரத்தை வளைத்து, தோல்வாரால் பின்னி இதைச் செய்தார்கள். இன்று அலுமினியச் சட்டமும் அடியில் உலோகப் பற்களும் வந்திருக்கின்றன, கருத்து அதேதான். முன்காலை மட்டும் கட்டுவார்கள், குதிகால் தனியே எழும்பும். அதனால் நடை நம் இயல்பான நடைதான், கால்களைச் சற்று அகட்டி வைக்க வேண்டும், அவ்வளவே. பின்னோக்கி மட்டும் நடக்காதீர்கள். ஸ்னோஷூவின் வால் பனியில் குத்தி ஆளைச் சாய்த்துவிடும். திரும்ப வேண்டுமென்றால் சின்ன வட்டமாகச் சுற்றி வாருங்கள். இரண்டு கைக்கும் தடி வைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. அம்மா பத்து நிமிடத்தில் பழகிவிட்டார். வயல் வரப்பில் நடந்த கால்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் அதிகம். பனி பெய்து சில நாள் ஆகிவிட்டால் தடம் இறுகி, சிமென்ட் தரை போலாகிவிடும். அப்போது ஸ்னோஷூவைவிட, பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஸ்பைக்ஸ் என்ற பல் வைத்த சங்கிலிதான் வசதி. புதுப்பனி விழுந்த மறுநாள் என்றால் ஸ்னோஷூ இல்லாமல் நகரவே முடியாது. கிளம்பும் அன்று பூங்காவின் தளத்தில் பாதை நிலவரத்தையும், கடைக்காரரிடம் அவர் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை ஜீன்ஸும் பருத்தி பனியனும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். நடக்கும்போது தெரியாது, நின்ற மறுகணம் உடம்பு நடுங்கத் தொடங்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன்மேல் ஃப்லீஸ் என்ற மெத்தென்ற மேலாடை, அதன்மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். ஏற்றம் தொடங்கும்போதே ஒரு அடுக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். புறப்படும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்க்ரீனும் கட்டாயம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும், கண் எரிந்துபோகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் கட்டும், மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். அம்மா பிளாஸ்கில் சுக்குக் காப்பியும், பைநிறையக் கடலைமிட்டாயும் கொண்டுவந்தார். கையுறையைக் கழற்றாமலே தின்ன முடிகிற, குளிரில் கெட்டுப்போகாத தீனி அதைவிட எதுவும் இல்லை.

பேர் லேக்கை விட்டதும் பாதை ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்களுக்குள் நுழையும். கிளைகள் பனியைத் தாங்கிக்கொண்டு தாழ்ந்திருக்கும். ஓரிடத்தில் அம்மா நின்று தடியால் காட்டினார். பின்னங்கால் இரண்டும் பெரிதாக, முன்னங்கால் சிறிதாக, ஒரு முயலின் தடம். அந்த முயலுக்கு ஆங்கிலத்தில் ஸ்னோஷூ ஹேர் என்றே பெயர். அகன்ற பின்பாதங்கள் அதைப் பனியில் அமுங்காமல் வைத்திருக்கின்றன. குளிர்காலத்தில் உடம்பும் வெள்ளையாகிவிடும். "நாம வாடகைக்கு எடுத்தத அதுக்கு சாமியே குடுத்திருக்காரு" என்றார்.

நிம்ஃப் லேக் சின்னக் குளம்தான். பனிக்காலத்தில் மரங்கள் சூழ்ந்த வெள்ளைத் திடல் போலக் கிடக்கும். "ஏரின்னு சொன்னியே, தண்ணியக் காணோமே?" என்று கேட்டார் அம்மா. நாம் நிற்பதே கரையில்தான், தண்ணீர் அந்தப் பனிக்கு அடியில் என்றதும் ஓரடி பின்வாங்கினார். இந்த ஏரிக்குப் பெயர் வந்தது இங்கே பூக்கும் மஞ்சள் அல்லியால். அந்தச் செடிக்கு முன்பு வழங்கிய அறிவியல் பெயர் நிம்ஃபேயா. அல்லிக்குளம் என்று சொன்னதும்தான் அம்மா அதை உரிமையோடு பார்த்தார். உறைந்த ஏரியின் மேல் பலர் நடப்பார்கள். ஆனால் பனிக்கட்டி எவ்வளவு தடிமன் என்று யாரும் அளந்து சொல்வதில்லை. தண்ணீர் உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மெலிந்திருக்கும். நாங்கள் கரையோரமாகவே போனோம்.

நிம்ஃபைத் தாண்டியதும் வருவதுதான் பாதையின் ஒரே உண்மையான ஏற்றம். இருபது அடி நடப்பது, நின்று மூச்சு வாங்குவது என்று ஏறினோம். கோடையில் போகும் தடத்திலேயே பனிக்காலத் தடமும் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். முன்னே போனவர்கள் போட்ட தடம் சில சமயம் தவறாகவும் இருக்கும். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள். அங்கே சிக்னலை நம்ப முடியாது.

பிறகு மரங்கள் விலகும். ட்ரீம் லேக் ஒடுங்கி நீண்ட ஏரி. அதன் மறுகோடியில் ஹாலெட் சிகரம், ஏறத்தாழ 3,875 மீட்டர். நிற்கிற இடத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கும் மேல் எழும் பாறைச்சுவர். வலப்பக்கம் ஃப்ளாட்டாப் மலை. இரண்டுக்கும் நடுவில் டிண்டால் பனியாறு. இந்தப் பள்ளத்தாக்கையே பழைய பனியாறுகள்தான் குடைந்து வைத்தன. காற்று அந்த இடுக்கின் வழியாக இறங்கி ஏரியின் மேற்பனியைத் துடைத்துவிட்டிருந்தது. அடியில் நீலப் பனிக்கட்டி, அதற்குள் வெள்ளைக் கீறல்கள். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கையுறையோடு இரு கையையும் கூப்பினார். பொதிகையைப் பார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவருக்கு எந்த மலையும் மலைதான். காற்று பலமாக அடித்ததால் ஒரு பெரிய பாறையின் மறைவில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தோம்.

அங்கிருந்து இன்னும் 1.1 கிலோமீட்டர் போனால் எமரால்ட் லேக், ஹாலெட்டின் காலடியிலேயே. பலரும் போகிறார்கள். முதல்முறை போகிறவர்கள் ட்ரீம் லேக்கிலேயே திரும்ப வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். காரணத்தை அம்மாவுக்குக் காட்டியது போலவே உங்களுக்கும் சொல்கிறேன். ஓரமாகப் பனியைத் தோண்டி அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன். "ரவை மாதிரி உதிருதே, உருண்டை பிடிக்க வரலையே" என்றார். அதேதான். கொலராடோவில் பனிப்போர்வை மெல்லியது, இரவுக் குளிர் கடுமை. தரையின் இளஞ்சூட்டுக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் நடுவே நீராவி மேலேறி, அடிப்பனியை ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக்கிவிடுகிறது. அந்த ரவையின் மேல் புயல் வந்து கனமான பனியைக் கொட்டினால், சரிவான இடத்தில் மொத்தமும் வழுக்கி இறங்கும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் நிகழ்கின்றன. எமரால்டை நெருங்க நெருங்க அப்படிப்பட்ட சரிவுகள் தலைக்கு மேலே இருக்கும். நாம் நடப்பது சமதரையாக இருந்தாலும் மேலே இருப்பது நம்மேல் வரலாம். சில நேரம் கீழே நடப்பவரின் எடையே அதை அவிழ்த்துவிடும்.

ட்ரீம் லேக் வரை போவதற்கும் அன்று காலை கொலராடோ அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சென்டர் என்ற பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒன்று முதல் ஐந்து வரை அபாய அளவு போடுவார்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான் அம்மாவை பேர் லேக் கரையில் மட்டும் நடக்கவிட்டுத் திரும்பியிருப்பேன். அங்கிருந்தும் ஹாலெட் நன்றாகத் தெரியும், குறையே இல்லை. காலடியில் பனி 'வூம்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ அத்தோடு திரும்பிவிடுங்கள்.

தனியாகத் தயக்கமாக இருந்தால், பனிக்காலத்தில் பூங்கா ரேஞ்சர்கள் இலவசமாக நடத்தும் ஸ்னோஷூ நடைகள் உண்டு. முன்பதிவு செய்ய வேண்டும், ஸ்னோஷூ மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். காருக்கு நல்ல பனி டயர் இருக்கட்டும்.

இறங்கும்போது நிம்ஃப் லேக்கில் அம்மா மறுபடி நின்றார். "இந்த அல்லி எப்பய்யா பூக்கும்?" கோடையில், ஜூலை வாக்கில் என்றேன். "அப்ப நான் ஊர்ல இருப்பேன். போட்டோ புடிச்சு அனுப்பு." ஜூலையில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு போய் எடுத்து அனுப்பினேன். ஏரி முழுக்க இலை, நடுநடுவே மஞ்சள் மொட்டு.