சூரியப் புள்ளிகள் கூடினால் ஹாம் ரேடியோ எட்டும் தூரமும் கூடுமா?

சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்தால் ஹாம் ரேடியோவின் (பொழுதுபோக்காக லைசென்ஸோடு பேசும் ரேடியோ) எல்லா பேண்டிலும், அதாவது அலைவெண் பட்டையிலும், தூரம் எட்டுமா, அவை அடங்கிவிட்டால் ரேடியோவை மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இல்லை. ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்த ஏற்ற இறக்கச் சுழற்சி, எந்த பேண்ட் எப்போது திறக்கும் என்பதைத்தான் மாற்றுகிறது.

நான் லைசென்ஸ் வாங்கியது 2018-இல். 24-ஆவது சுழற்சி அடிமட்டத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஆசையாக 10 மீட்டர் பேண்டுக்கு ஒரு டைபோல் கம்பி ஆண்டெனா கட்டி, 28 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் இரைச்சல் மட்டும்தான். கட்டியதில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு முறை இறக்கி ஏற்றினேன். மூத்த ஹாம் ஒருவர், "கம்பியைத் தொடாதே, சூரியன் வரட்டும்" என்றார். 2023-இல் அதே கம்பி, அதே 10 வாட், கடல் தாண்டிப் போய்ப் பதில் வாங்கி வந்தது.

காரணம், வளிமண்டலத்தின் உயரே மின்னேற்றம் பெற்றிருக்கும் எஃப்2 அடுக்கு. தரையிலிருந்து சுமார் 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் அதீதப் புற ஊதாக் கதிர்கள் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்து வைக்கின்றன. நம் சிக்னலைத் திருப்பி விடுவது அவைதான். எலக்ட்ரான் அடர்த்தி நான்கு மடங்கானால், திரும்பி வரக்கூடிய உச்ச அலைவெண் இரண்டு மடங்காகும். புள்ளிகள் குறைந்த வருடங்களில் அந்த வரம்பு பல பாதைகளில் 28-ஐத் தொடுவதே இல்லை; சிக்னல் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். 14 மெகாஹெர்ட்ஸ் மட்டும் எந்த வருடமும் பகலில் கைவிடுவதில்லை.

ஆனால் உச்சத்துக்கு ஒரு விலை உண்டு. அதே சூரியன், எஃப்2-வுக்குக் கீழே உள்ள டி அடுக்கையும் தடிக்க வைக்கிறது. அது சிக்னலைத் திருப்பாது, விழுங்கும். அலைவெண் குறையக் குறைய அதிகமாக விழுங்கும். அதனால்தான் 80, 160 மீட்டர் என்ற குறைந்த அலைவெண் பேண்டுகளின் ஆட்கள் அடிமட்ட வருடங்களின் குளிர்கால இரவுகளுக்குக் காத்திருப்பார்கள். நாம் அழுகிற வருடத்தில் அவர்களுக்குத் திருவிழா!

ஒருநாள் மதியம் 20 மீட்டரில், அதாவது 14 மெகாஹெர்ட்ஸில், பேசிக்கொண்டிருந்தபோது, எதிர்முனைக்காரர் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார். அவர் மட்டுமல்ல, பேண்டே காலி. ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள் கழன்றுவிட்டது என்று நினைத்து கனெக்டரைத் திருகிப் பார்த்தேன், ரேடியோவை அணைத்துப் போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல குரல்கள் திரும்பின. மிகக் கடுமையான எக்ஸ் வகைச் சூரியச் சுடர் ஒன்று வெடித்திருக்கிறது. அதன் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் வந்து, பகலில் இருக்கும் பாதி உலகின் டி அடுக்கைக் கெட்டியாக்கிவிடும். சுடரோடு சில சமயம் கிளம்பும் பிளாஸ்மா மேகம் வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அது கிளப்பும் காந்தப் புயல் எஃப்2-வையே குலைத்துவிடும். 2024 மே 10, 11-இல் வந்த, அளவுகோலின் உச்சமான ஜி5 புயல் அப்படிப்பட்டது. அந்த அளவில் அதற்கு முன் வந்தது 2003 அக்டோபரில்.

தினமும் பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள். ஒன்று சோலார் ஃபிளக்ஸ், சூரியன் வீசும் ரேடியோ அலையின் அளவு, 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கனடாவில் 1947 முதல் அளந்து வருவது. அடிமட்டத்தில் 70 பக்கம் கிடக்கும், உச்சத்தில் 200 தாண்டும். 120-க்கு மேல் சில நாள் நிலைத்தால் நான் 10 மீட்டரை விடமாட்டேன். இன்னொன்று கே குறியீடு, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதன் அளவு, 0 முதல் 9 வரை. 5 வந்தால் புயல். ஃபிளக்ஸ் கூடி, கே குறைந்திருக்கும் நாள்தான் நல்ல நாள். கோடையில் 10 மீட்டர் திடீரென்று ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குத் திறந்தால் அது பெரும்பாலும் ஸ்போராடிக் ஈ, எஃப்2-வுக்குக் கீழே அவ்வப்போது தோன்றி மறையும் அடர்ந்த திட்டுகள். அதற்கும் புள்ளிகளுக்கும் பெரிய சம்பந்தமில்லை.

25-ஆவது சுழற்சி 2024 அக்டோபரில் உச்சம் தொட்டுவிட்டது. இறங்குமுகத்தில், கரோனல் துளைகளால் (சூரியக் காற்று வேகமாக வெளியேறும் இடங்கள்) வரும் புயல்கள், சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் 27 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எண்களைவிட நான் நம்புவது காதை. 28.200 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் உள்ள 18 பீக்கன்கள் (தானாகச் சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) ஆளுக்குப் பத்து நொடி, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று முறை வைத்து ஒலிக்கும். மோர்ஸில் அழைப்புக்குறி, பிறகு நான்கு நீள ஒலிகள்: 100 வாட், 10, 1, கடைசியில் 0.1. எத்தனையாவது ஒலி வரை கேட்கிறது என்று எண்ணுங்கள். மூன்றாவது வரை தெளிவாகக் கேட்டால் உடனே மைக்கை எடுத்துவிடுவேன். நான்காவதை 10 மீட்டரில் இதுவரை இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன்.