பத்துப் படுக்கை ஹாஸ்பிஸ்: பூமி பூஜைக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

கேள்வி: தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் ஏழு பேர் சேர்ந்து அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறோம். புற்றுநோய் முற்றி, "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பப்படுபவர்களுக்காகப் பத்துப் படுக்கையில் ஒரு ஹாஸ்பிஸ் கட்ட ஆசை. ஊர்ப் பெரியவர் ஒருவர் 40 சென்ட் நிலம் தருகிறார். வெளியூரில் தொழில் செய்யும் ஒருவர் கட்டடத்துக்கு 60 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பூமி பூஜைக்கு நாள் குறிக்கலாமா? மீதிப் பணத்தை எப்படித் திரட்டுவது?

பதில்: இப்போதைக்கு நாள் குறிக்க வேண்டாம். ஹாஸ்பிஸ் நடத்துபவர்களின் கையைக் கடிப்பது கட்டடச் செலவு அல்ல, திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் ஒன்றாம் தேதி கொடுக்க வேண்டிய சம்பளம். நம் ஊரில் கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் உண்டு, கல்வெட்டில் பெயர் வரும். கோயில் ட்யூப்லைட்டில்கூட வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' எழுதுகிறவர்கள் நாம். இரவுப் பணி நர்ஸின் சம்பளத்தில் யார் பெயரையும் எழுத முடியாது.

முதலில் மாதச் செலவைப் பாருங்கள். பத்துப் படுக்கைக்கு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ், காலையில் மட்டும் இரண்டு பேர் என்று வைத்தால் வாரத்துக்கு 28 ஷிஃப்ட். ஒருவர் வாரம் ஆறு நாள் வருவார். விடுப்பையும் சேர்த்தால் ஆறு நர்ஸ் வேண்டும். உதவியாளர்கள் ஷிஃப்டுக்கு இருவர் வீதம் எட்டுப் பேர். இந்த எண்ணிக்கையில்தான் பலரும் கை வைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். ஆள் குறைந்தால் பதினைந்தே நாளில் முதுகில் புண் வந்துவிடும்.

நர்ஸுக்கு 20,000, உதவியாளருக்கு 13,000, முழுநேர மருத்துவருக்கு 80,000 என்று போட்டு, சமூகப் பணியாளர், சமையல் இருவர், துப்புரவு இருவர், டிரைவர், நிர்வாகி, காவலர் இருவர் எல்லோரையும் சேர்த்தால் 24 பேர். சம்பளம் மட்டும் சுமார் 4,36,000 வரும். இருபது பேரைத் தாண்டுவதால் பி.எஃப். கட்டாயம். அதற்கும் இ.எஸ்.ஐ.க்கும் ஒரு 50,000 ஒதுக்குங்கள். சாப்பாடு 90,000. மருந்து, டயப்பர், கையுறை, கட்டுத்துணி 60,000. மின்சாரம், டீசல், சலவை, மருத்துவக் கழிவு, பழுது 70,000. ஆக மாதம் ஏறக்குறைய 7 லட்சம். சம்பள விகிதத்தை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆள் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள். பத்தில் ஏழு படுக்கைதான் சராசரியாக நிரம்பும் என்றால், ஒரு நோயாளிக்கு ஒரு நாள் செலவு 3,300 ரூபாயைத் தாண்டும். நோயாளியிடம் பைசா வாங்குவதில்லை என்று முடிவெடுக்கும்போது இந்த எண் கண் முன்னால் இருக்கட்டும்.

கட்டடத்துக்கு வருவோம். படுக்கைக்கு 550 சதுர அடி வீதம் 5,500 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றாலே 1 கோடியே 37 லட்சம். உங்களிடம் இருக்கும் 60 லட்சம் அதில் பாதிகூட இல்லை. அஸ்திவாரம் போட்டு, லிண்டல் மட்டத்தில் கம்பி துருப்பிடிக்க நிற்கும் கட்டடத்தைக் காட்டி நன்கொடை கேட்பதைவிடச் சிரமமான வேலை வேறில்லை.

ஆகவே அந்த 60 லட்சம் தருபவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதில் 25 லட்சத்தை முதல் இரண்டு ஆண்டு வீட்டுப் பராமரிப்புக்கு, அதாவது நோயாளியை அவர் வீட்டுக்கே போய்க் கவனிப்பதற்குக் கேளுங்கள். ஒரு நர்ஸ், வாரம் இரண்டு நாள் மருத்துவர், டிரைவருடன் ஒரு வாடகை வண்டி, மருந்து என மாதம் 1,05,000 போதும். ஒரு வண்டி நாளைக்கு ஆறேழு வீடு பார்க்கும். நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு வேண்டியதும் அதுதான். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுக்கப் பரவியது வெளிநோயாளர் பிரிவையும் வீட்டுப் பராமரிப்பையும் வைத்துத்தான். இங்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்தணிப்புச் செவிலியர்கள் (முற்றிய நோயில் வலியையும் வேதனையையும் குறைப்பவர்கள்) வீடு வீடாகப் போகிறார்கள். உங்கள் வட்டார சுகாதார நிலையத்தில் அவர்களைப் பார்த்து, யார் எந்த ஊருக்குப் போவது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்கு இருவரும் போய், அடுத்த தெரு விடுபட்டுப் போகக் கூடாது.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி வாங்க, வரிப் பதிவுகளோடு அதே மாதிரியான சேவையில் மூன்று ஆண்டு அனுபவமும் அறக்கட்டளைக்கு வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கும் மூன்று ஆண்டு வயது, அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காகவே 15 லட்சம் செலவு என்ற நிபந்தனை உண்டு. வீட்டுப் பராமரிப்பை இந்த மாதம் தொடங்கினால் அந்தக் கடிகாரம் இன்றே ஓட ஆரம்பிக்கும். கட்டடம் முடிந்தபிறகுதான் சேவை என்றால், கடன் கழுத்தை நெரிக்கும் சமயத்தில் இந்த இரண்டு வாசலும் மூடியிருக்கும்.

நிலத்தை அறக்கட்டளையின் பெயருக்கே பதிவு செய்யுங்கள், அறங்காவலர் ஒருவர் பெயருக்கு வேண்டாம். 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பூர்வீகச் சொத்து என்றால் மகள்கள் உட்பட எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும். "ஐந்து ஆண்டில் கட்டாவிட்டால் நிலம் திரும்பிவிடும்" என்ற வரி பத்திரத்தில் இருந்தால் எந்தப் பெரிய கொடையாளரும் அந்த நிலத்தில் பணம் போட மாட்டார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கான கட்டணச் சலுகை அறக்கட்டளைக்குக் கிடையாது, முத்திரைத் தீர்வைக்குத் தனியாகப் பணம் வையுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பயனாளிகள் இன்ன சாதியினர் அல்லது மதத்தினர் மட்டும் என்று ஒரு சொல் இருந்தாலும் கொடையாளருக்கான வரிச்சலுகை (1961-ம் ஆண்டு வரிச் சட்டத்தில் 80ஜி) கிடைக்காது.

வரைபடத்தில் இன்ஜினியர்கள் வழக்கமாகத் தவறவிடுபவை சில. வாசல் நிலை 1.2 மீட்டர் அகலம் வேண்டும், மூன்றடி நிலையில் கட்டில் நுழையாது. நடைபாதை 2.4 மீட்டர். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். ஜன்னல் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டடியில் இருந்தால்தான் படுத்திருப்பவர் மரத்தைப் பார்க்க முடியும், வழக்கமான மூன்றடியில் மின்விசிறியைத்தான் பார்ப்பார். குளியலறைக்கு எட்டுக்கு எட்டடி ஒதுக்குங்கள். நோயாளியைப் படுத்தபடியே குளிப்பாட்டும் ட்ராலியே ஆறரை அடி வரும், அதன் இரு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.

வாய், மார்பகப் புற்றுநோயில் புண் வெடித்தால் நாற்றம் கடுமையாக இருக்கும். மெட்ரோனிடசோல் பொடியைப் புண்ணில் தூவினால் வெகுவாகக் குறையும். ஆனாலும் எக்ஸாஸ்ட் விசிறியுடன் குறைந்தது இரண்டு தனி அறைகள் வேண்டும், காற்று வெளியேறும் பக்கம் சமையலறையோ உறவினர் உட்காரும் இடமோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டிலருகிலும் துணைக்கு இருப்பவர் கால் நீட்டிப் படுக்க இடம் விடுங்கள். கஞ்சி காய்ச்ச, சுடுதண்ணீர் வைக்க உறவினருக்கென ஒரு அடுப்பு மேடையும் வேண்டும்.

மின்தடைக்கு ஜெனரேட்டரை மட்டும் நம்பாதீர்கள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒன்று சுமார் 350 வாட் இழுக்கும். மூன்று ஓடும்போது ஏர்பெட் (படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை) பம்புகளையும் சேர்த்துத் தாங்குகிற 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் தனி லைனில் இருக்கட்டும். அதே லைனில் மின்விசிறிகளையும் கோத்துவிட்டால் பேட்டரி அவ்வளவு நேரம் வராது.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் இல்லாத ஹாஸ்பிஸ் வெறும் தங்குமிடம். 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டபின் மார்ஃபின், ஃபெண்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குப் பல துறை உரிமங்கள் தேவையில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற ஒரே அனுமதி போதும். நோய்தணிப்பு சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவர், பூட்டிய அலமாரி, இருப்புப் பதிவேடு, ஆண்டுத் தேவைக் கணக்கு ஆகியவற்றைக் கேட்பார்கள். பயிற்சி பெற்றவர் ஒரே ஒருவராக இருந்து அவர் வேலையை விட்டுப் போனால் மருந்து வருவது நின்றுவிடும். ஆகவே ஆரம்பத்திலேயே இருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். மருத்துவமனைப் பதிவு மாவட்ட ஜே.டி. (சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர்) அலுவலகத்தில், கழிவு அனுமதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில். இரண்டும் அலைச்சல்தானே தவிர முடியாத காரியமல்ல.

யாரைச் சேர்ப்பது என்பதைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். வலி, மூச்சுத்திணறல் போன்றவற்றைக் கட்டுக்குள் கொண்டுவர, பார்த்துக்கொள்பவருக்கு ஏழு முதல் பத்து நாள் ஓய்வு கொடுக்க, கடைசி நாட்களுக்கு என மூன்றே காரணம். பக்கவாதம் வந்த, கவனிக்க ஆளில்லாத முதியவரை இரக்கப்பட்டு ஒருவர், இருவர் என்று சேர்த்தால் சில மாதங்களில் பத்துப் படுக்கையும் முதியோர் இல்லமாகிவிடும், வலியில் துடிப்பவருக்கு இடம் இருக்காது.

இனி மாதப் பணம். மாதம் 500 ரூபாய் தரும் 1,400 பேர் என்றால் 7 லட்சம். ஊர் ஊராகப் போய் மாதாமாதம் பணம் தானாக வந்துசேரும் யு.பி.ஐ. ஆட்டோபே பதிவு செய்ய வைத்தால்தான் அது நடக்கும், ரசீதுப் புத்தகத்தோடு மாதாமாதம் அலைய முடியாது. 'ஒரு நாள் சாப்பாடு 3,000 ரூபாய்' என்று வையுங்கள், திதிக்கும் பிறந்தநாளுக்கும் தருவார்கள். 'ஒரு படுக்கைக்கு உபயம்' என்று ஒருமுறை வாங்கி நிரந்தரமாகப் பெயர்ப்பலகை மாட்டிவிடாதீர்கள். ஒரு படுக்கையின் ஆண்டுச் செலவே எட்டரை லட்சத்தை நெருங்குகிறது, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உபயமாக வையுங்கள். ரோட்டரி சங்கத்தின் குளோபல் கிராண்ட் என்ற மானியம் கட்டுமானத்துக்குக் கிடைக்காது, கட்டில், உபகரணம், பயிற்சிக்குக் கேட்கலாம். எம்.பி. நிதியில் சம்பளம் கொடுக்க முடியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் கேட்டு ரசீதில் மாற்றுங்கள்.

சிங்கப்பூர், துபாய் உறவினர்களிடம் கேட்கும் முன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்தால் அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டவர் அனுப்பும் நூறு ரூபாய்கூட எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் வாங்கினால் குற்றம், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி. க்யூ.ஆர். குறியீட்டை வாட்ஸ்அப்பில் சுற்ற விடும்போது இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.