முன் வீல் ஹப் பிரிச்சா பழைய நட்டு போல்ட்டயே போடலாமா? – கேள்வி பதில்

முன் ஹப் (வீல மாட்டற நடுப்பகுதி), வீல் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் (வீல சுத்த வைக்கற தண்டு) சம்பந்தமா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். டயர், அலைன்மென்ட் என் ஏரியா இல்ல.

கோபியிலிருந்து: அண்ணே, ஸ்விஃப்ட்ல முன் பேரிங் மாத்தறேன். ஆக்ஸில் நட்டு பார்க்க நல்லாத்தான் இருக்கு, அதையே போட்டுக்கலாமா?

வேண்டாம் தம்பி. டிரைவ் ஷாஃப்ட் முனைல ஹப்ப பிடிக்கற அந்த ஆக்ஸில் நட்டு பஞ்ச் பண்ற வகை, விளிம்புல மெல்லிசா ஒரு காலர் இருக்கும், அதை ஷாஃப்ட்ல இருக்கற பள்ளத்துக்குள்ள தட்டி மடிச்சிருப்பாங்க. கழட்டறப்ப அந்த மடிப்ப நிமித்தறோம், திரும்ப டைட் வெச்சா கிட்டத்தட்ட அதே இடத்துலதான் வந்து நிக்கும், ஏற்கனவே மடிஞ்சு நிமிர்ந்த தகட்ட மறுபடி மடிச்சா வெடிப்பு விடும். இன்னொண்ணு, பலபேர் இந்த நட்டு வீல் கழண்டு போகாம இருக்கத்தான்னு நினைக்கறாங்க. அது பாதிதான். உள்ள இருக்கற ரெட்டை வரிசை பேரிங்கோட ரெண்டு இன்னர் ரேஸையும் (உள் வளையம்) சேத்து அழுத்திப் பிடிக்கறதே இந்த நட்டுதான். அழுத்தம் குறைஞ்சா பேரிங் சீக்கிரமே ஊளையிட ஆரம்பிச்சிடும்.

பிரிக்கறப்ப மடிப்ப முழுசா நிமித்திட்டு கழட்டுங்க, இல்லன்னா ஷாஃப்ட் மரையே போயிடும். போடறப்ப டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) வெச்சு மேனுவல்ல இருக்கற அளவு. இம்பாக்ட் கன் வெச்சு தட்டாதீங்க.

மதுரையிலிருந்து: சார், பால் ஜாயின்ட் நட்டுல ஸ்ப்ளிட் பின் உடைஞ்சுதுன்னு மெக்கானிக் கட்டுக்கம்பிய முறுக்கி விட்டுட்டார். ஓட்டலாமா?

நேரா கடைக்கு ஓட்டுங்க, பின் வாங்கி போடச் சொல்லுங்க. நட்டு தானா சுத்தாம இருக்க ஓட்டைல சொருகி மடிக்கறதுதான் அந்த ஸ்ப்ளிட் பின். கேசில் நட்டு (மேல வெட்டு வெட்டா இருக்கற நட்டு) மரையும் வெட்டும் நல்லா இருந்தா திரும்ப போடலாம், பின்ன மட்டும் எப்பவும் புதுசா போடணும். ஓட்டைக்கு வெட்டு நேரா வரலன்னா அடுத்த வெட்டு வரைக்கும் டைட் பண்ணணும், பால் ஜாயின்ட்ல லூஸ் பண்ணி நேராக்கவே கூடாது.

கோவையிலிருந்து: போலோ மேனுவல்ல டார்க் போட்டு அதுக்கப்புறம் இத்தன டிகிரின்னு இருக்கு. அது எதுக்கு?

டிகிரி கணக்கு போட்டிருந்தா பெரும்பாலும் அந்த போல்ட்டு இழுபட்டு நீளறதுக்குன்னே டிசைன் பண்ணது. ஒருதடவ நீண்டது பழையபடி சுருங்காது. புதுசு போடுங்க, மரைக்கு ஆயில் தடவாதீங்க. ஆயில் பட்டா அதே டார்க்ல போல்ட்டு இன்னும் அதிகமா இழுபடும்.

தேனியிலிருந்து: அண்ணா, எங்க தோட்டத்து பழைய ஃபோர் வீல் ஜீப். முன் ஹப்ல ரெண்டு பெரிய நட்டு, நடுவுல ஒரு தகடு. எதை மாத்தணும்?

ஆஹா, இந்த மாதிரி கேள்விதான் வேணும். ரெண்டு நட்டும் முனை மழுங்காம இருந்தா ஆயுசுக்கும் ஓடும். நடுவுல இருக்கற லாக் வாஷர மட்டும் மாத்துங்க, அதோட காத ஒருபக்கம் மடிச்சு நிமித்தினா அடுத்ததடவ ஒடிஞ்சு பேரிங்குக்குள்ளயே விழும். இது டேப்பர் ரோலர் பேரிங் (உள்ள ரோலர் சாய்வா இருக்கும்), ஸ்விஃப்ட் மாதிரி இறுக்கிப் பூட்டக் கூடாது. வீல சுத்திக்கிட்டே உள் நட்ட பிடிக்கற வரைக்கும் டைட் வெச்சு, ஆறுல ஒரு பங்கு சுத்து லூஸ் விடுங்க. வீல் லேசா சுத்தணும், மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரியக்கூடாது. அப்புறம் வாஷர், வெளி நட்டு, காது மடிப்பு. வெளி நட்ட இறுக்கினதும் உள்ளது கொஞ்சம் நகரும், அதனால திரும்ப ஒருதடவ சுத்திப் பாருங்க. இதுக்குன்னே குழாய் பாக்ஸ் ஸ்பேனர் கிடைக்கும், உளி வெச்சு சுத்தியால தட்டறத தயவுசெஞ்சு விடுங்க. முனை வட்டமா போன நட்டெல்லாம் அப்படிப் போனதுதான்.

சேலம் பட்டறைக்காரர்: பாஸ், நாங்க பஞ்ச் நட்ட திருப்பி போட்டு வேற இடத்துல ஒரு பஞ்ச் குடுப்போம். இருவது வருஷமா ஒண்ணுகூட கழண்டதில்ல. சும்மா பயமுறுத்தாதீங்க.

கழண்டு விழலன்னா சரியா இருக்குன்னு அர்த்தமில்லையே. அழுத்தம் குறைஞ்ச நட்டும் கழண்டு விழாது, பேரிங்கத்தான் தின்னும். ஆறு மாசத்துல சத்தம் வந்தா "டூப்ளிகேட் பேரிங்"னு கம்பெனிய திட்டுவோம்.

அவரே: அப்ப வழியில நடுராத்திரி புது நட்டுக்கு எங்க போறது?

இது நியாயம். அவசரத்துக்கு, மடியாத பக்கம் பள்ளத்துக்கு நேரா வந்தா பஞ்ச் பண்ணி ஊர் போய்ச் சேருங்க, மறுநாள் மாத்துங்க. நான் சொல்றது பட்டறைல கடை திறந்திருக்கறப்ப பழசையே போடறத.

அவரே: கஸ்டமர் நட்டுக்கு காசு குடுக்க மாட்டேங்கறாங்களே.

பேரிங்குக்கு குடுக்கறவங்க நட்டுக்கும் குடுப்பாங்க, பில்லுல சேத்து எழுதுங்க.

நாமக்கல்: ஆல்டோக்கு நட்ட திரும்ப போடலாமா?
கரூர்: வேகன் ஆர் நட்டு மறுபடி?
திருச்சி: அண்ணே ஆக்ஸில் நட்டு பழசு ஓகேவா?

மூணு பேருக்கும் ஒரே பதில். வண்டி பேர கேக்காதீங்க, நட்ட பாருங்க. பள்ளத்துல மடிச்சிருந்தா நட்டு புதுசு. பின் குத்தியிருந்தா பின் மட்டும் புதுசு. நட்டுக்குள்ள நைலான் வளையம் இருந்தா அந்த நட்டும் புதுசு.

ஈரோடு: எந்த டயர் நல்லது?

மொத வரிய படிங்க.

பொள்ளாச்சி: டிரைவ் ஷாஃப்ட் சரிபண்ண குடுத்திருக்கேன். அது வர்றவரைக்கும் வண்டிய நாலு அடி தள்ளி நிறுத்தலாமா?

ஷாஃப்ட் இல்லாம வீல கீழ இறக்காதீங்க, பேரிங்க பிடிக்க ஆளில்ல, வண்டி வெயிட்டுலயே உள்ள பிரிஞ்சிடும். பழைய ஷாஃப்ட்டோட வெளி ஜாயின்ட் துண்டு எங்கயாவது கிடைச்சா ஹப்புல மாட்டி, கழட்டின பழைய நட்டயே நல்லா இறுக்கிட்டு தள்ளுங்க. நான் பழைய நட்ட தூக்கிப் போடாம வெச்சிருக்கறது இதுக்குத்தான்.