பழைய மோட்டார் சைக்கிளில் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது. தடித்த கேபிள் போட்டால் சரியாகுமா?

உங்கள் வண்டி பழையது, பேட்டரி புதியது, ஸ்பார்க் பிளக்கும் மாற்றியாயிற்று. ஆனாலும் செல்ஃப் பட்டனை அழுத்தினால் எஞ்சின் திணறிச் சுற்றுகிறது, சூடாக இருக்கும்போது சில வேளை ஒரு 'டக்' ஒலியோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் கேபிள்களைத் தடிமனாக்கலாமா என்பது கேள்வி. தாராளமாக மாற்றலாம், பெரும்பாலான பழைய வண்டிகளில் பலனும் தெரியும். ஆனால் அந்தப் பலனில் பெரும்பங்கு கேபிளின் தடிமனால் வருவதில்லை, புதிய இணைப்புகளால் வருகிறது என்பதுதான் என் கணிப்பு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். நடுத்தர அளவிலான எஞ்சினைச் சுற்றும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள் இதைவிட மிகுதியாகவே இழுக்கும். 8 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளின் மின்தடை மீட்டருக்கு 2 மில்லி ஓம் அளவில் இருக்கும், 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அது 1 மில்லி ஓமைச் சற்றே தாண்டும். ஆக, ஒரு மீட்டர் கேபிளை இரு மடங்கு தடிமனாக்கினால் மிஞ்சுவது 0.1 வோல்ட்தான். மாறாக, லக்கின் (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) கழுத்துக்குள் களிம்பேறிய ஒரே ஒரு பழைய இணைப்பு அரை வோல்ட்டைத் தனியாக விழுங்கிவிடும். பேட்டரியிலிருந்து மோட்டார் சென்று மீண்டும் பேட்டரிக்குத் திரும்பும் பாதை முழுவதிலும் 15 மில்லி ஓம் சேர்ந்துவிட்டால், 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 150 வாட் ஆற்றல் எஞ்சினைச் சுற்றாமல் இணைப்புகளைச் சூடாக்குகிறது என்று பொருள்.

இந்த 15 மில்லி ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டில் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு மின்தடை உண்டு. 'பீப்' என்று ஒலி வருகிறது, ஆகவே கேபிள் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுவது இதனால்தான். மின்னோட்டம் பாயும்போது எங்கே எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று அளப்பதே சரியான வழி. முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து சில மணி நேரம் விட்டு, 12.6 வோல்ட்டாவது காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி பிளக் தொப்பிகளைக் கழற்றி, அவற்றில் வேறு பிளக்குகளைச் செருகி எஞ்சின் உலோகத்தோடு நன்றாகத் தொடும்படி வையுங்கள். எஞ்சினில் இருக்கும் பிளக்குகளைக் கழற்ற வேண்டாம். கம்ப்ரஷன் இல்லாவிட்டால் மோட்டாருக்குச் சுமையே இராது, அளவு பொய்யாகிவிடும்.

இப்போது மீட்டரை வோல்ட் அளவீட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் மோட்டாரில் கேபிள் வந்து சேரும் போல்ட்டின் தலையிலும் வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்துங்கள். லக்கின் மீது வைக்காமல் பேட்டரி முனையின் ஈயத்தின் மீதே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இணைப்பின் குறை கணக்கில் வராமல் போகும். மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பக்கம் குறையில்லை. நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், கோளாறு பேட்டரியிலோ மோட்டாரிலோ இருக்கிறது. எத்தனை தடித்த கேபிளும் அதற்கு மருந்தாகாது.

என் அனுபவத்தில் குறை அதிகம் தென்படுவது எர்த் பக்கத்தில், அதாவது மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில்தான், கவனம் மிகக் குறைவாகச் செல்வதும் அங்கேதான். பல வண்டிகளில் நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் முடிகிறது. அங்கிருந்து எஞ்சினுக்கு மின்னோட்டம் மவுண்ட் போல்ட்டுகள் வழியாகச் செல்ல வேண்டும். சேஸிஸுக்குப் புதிய பெயிண்ட் அடித்த வண்டியென்றால் அந்தப் பாதை பாதி அடைபட்டிருக்கும். எர்த் மிகவும் மோசமானால் மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பி அவற்றைச் சூடாக்குவதும் உண்டு. மீட்டர் இல்லாதவர்கள், ஜம்ப் ஸ்டார்ட் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் கவ்வவிட்டு செல்ஃபை அழுத்திப் பார்க்கலாம்; சட்டென்று வேகமாகச் சுற்றினால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

மாற்றுவதென்று முடிவானால் மூன்று கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள்: பேட்டரியிலிருந்து ரிலேவுக்கு (பட்டனின் சிறு மின்னோட்டத்தால் மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்), ரிலேவிலிருந்து மோட்டாருக்கு, நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்கு. எர்த் கேபிளை ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே கொண்டுபோய் முடிப்பது மிகச் சிறந்தது. சேஸிஸுக்கு ஒரு சிறு கிளைக் கேபிள் போதும். மெல்லிய இழைகள் ஏராளமாகக் கொண்ட, வளைந்து கொடுக்கும் வெல்டிங் கேபிள் வகை அதிர்வைத் தாங்கும். மலிவான ஆடியோ கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல் 1.6 மடங்கு என்பதால், தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நான் அறுத்துப் பார்த்த பழைய கேபிள்களில், மேலுறை பளபளப்பாக இருந்தும் லக்கை ஒட்டிய இரண்டு விரற்கடை நீளத்துக்குச் செம்பிழைகள் கறுத்து, விரலால் தேய்த்தால் பச்சைத் தூளாக உதிர்ந்ததைக் கண்டிருக்கிறேன். புதிய லக்கைச் சரியான கிரிம்பிங் கருவியால் நசுக்கி, உள்ளே பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினால், இழைகளை இப்படி அரிக்கும் ஈரம் உள்ளே புகாது. சுத்தியலால் தட்டி நசுக்குவதும், ஈயம் மட்டும் ஊற்றி ஒட்டுவதும் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்த இடத்தில் அதிர்வு பட்டு இழைகள் முறியும்.

வேலையைத் தொடங்குமுன் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். மோட்டார் போல்ட்டில் இரண்டு நட்டுகள் இருந்தால் உள்நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளிநட்டை இறுக்க வேண்டும். போல்ட் திரும்பினால் உள்ளே உள்ள மின்காப்பு உடைந்துவிடும். ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் பொதுவாக ஃபியூஸ் கிடையாது என்பதால், அது சேஸிஸ் விளிம்பில் உரசாமலும் சைலன்சர் குழாய்க்கு அருகில் செல்லாமலும் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

'டக்' என்று மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாமல் இருப்பதற்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கலாம். ரிலேவையோ, மின்காந்தத்தால் இழுத்து மோட்டாரை இணைக்கும் சோலனாய்டையோ இயக்கும் சிறு மின்னோட்டம் சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், செல்ஃப் பட்டன், கிளட்ச் சுவிட்ச் என்று பல தேய்ந்த தொடுமுனைகளைக் கடந்து வருகிறது. அங்கே ஓரிரு வோல்ட் குறைந்தால் சோலனாய்டு அரைகுறையாக இழுக்கும். பழைய மோட்டோ குஸ்ஸி வண்டிகளில் இது பெயர்பெற்ற கோளாறு. அதற்கு அவற்றின் உரிமையாளர்கள் செய்வது, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக மின்சாரம் பெறும் ஒரு சாதாரண கார் ரிலேவைப் பொருத்தி, பழைய வயரைக் கொண்டு அந்த ரிலேவை மட்டும் இயக்குவது. உங்கள் வண்டியிலும் சூடான பிறகுதான் இது நேர்கிறது என்பதால், கேபிள்களோடு இதையும் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் மந்தமாகச் சுற்றினால் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்களின் நீளத்தையும் அவை உரசும் செம்பு உருளையான காமுட்டேட்டரின் பள்ளங்களில் படிந்த கரித்தூளையும் பாருங்கள். வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் வயரிங்கை விட்டுவிட்டு கார்புரேட்டரில் குறைந்த வேகத்தில் பெட்ரோல் வரும் சிறு துளையான பைலட் ஜெட்டையும் வால்வு இடைவெளியையும் கவனிக்க வேண்டும்.