பூட்டிக் கிடக்கும் கட்டடம்: சாவி கைக்கு வந்ததும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதினைந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் மாடிக் கான்கிரீட் வீடு ஒன்றை எங்கள் குழுவிடம் ஒப்படைக்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். கீழே தையல் பயிற்சி, மாடியில் நூலகம் என்பது திட்டம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மொட்டைமாடியிலிருந்து. ஆளில்லாத கட்டடத்தைப் பெரும்பாலும் கெடுப்பது வயது அல்ல, தண்ணீர். சருகு அடைத்த ஒரே ஒரு வடிகுழாய் போதும். 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ சுமை ஏறிவிடும். ஈரமும் மெல்ல இறங்கிக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொடும். அடைப்பை எடுத்தபின் ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றியது கீழே வந்து சேராமல் சுவரில் ஓதம் தெரிந்தால், உள்ளே குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

அடுத்தது கம்பி. தூணிலும் உத்திரத்திலும் சிறு துண்டு உடைத்து, தூசியை ஊதிவிட்டு, புதிதாக உடைந்த முகத்தில், காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். கருஞ்சிவப்பு நிறம் வந்தால் அங்கே கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறமே மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால், துருவைத் தடுத்த காப்பு போய்விட்டது. தூசியை ஊதாவிட்டால் உள்ளிருந்து வந்த பொடி மேலே படிந்து, கெட்ட இடமும் சிவந்து ஏமாற்றும். காப்பு போனாலும் துருப்பிடிக்க ஈரம் வேண்டும். அதனால் காய்ந்த உள்ளறையைவிடக் குளியலறைக்குக் கீழுள்ள கூரைதான் முதல் கவலை.

பழுது பார்க்கும்போது பலரும் செய்யும் தவறு, கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசுவது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். பின்பக்கத்தில் விட்ட துரு வீங்கிப் பூச்சைத் தள்ளிவிடும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, சுற்றிலும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். கொத்துவதற்கு முன் முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். எந்த இடத்தில், எத்தனை முட்டு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

நூலகத்தைக் கீழே கொண்டுவாருங்கள். வீட்டுத் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவுக்குத்தான் வடிவமைக்கிறார்கள். நெருக்கமான புத்தக அடுக்குகளுக்கு 600 கிலோவும் அதற்கு மேலும் கணக்கிட வேண்டும். இரண்டையும் இடம் மாற்றினால் தளத்தைப் பலப்படுத்தும் செலவே மிச்சமாகிவிடும்.

கேள்வி: பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. நாங்களே கழற்றலாமா?

பதில்: வேண்டாம். உடைக்காதீர்கள், துளையிடாதீர்கள், கீழே விழுந்த துகளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பயிற்சி பெற்ற ஆட்கள் வரும்வரை அந்தப் பகுதியைப் பூட்டியே வையுங்கள்.

கேள்வி: கூட்டம் போட்டால் ஆளுக்கொரு ஆசை சொல்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது?

பதில்: வரைபடத்துக்கு முன்னால் கட்டடத்துக்குள் நடங்கள். சாக்பீஸால் தரையில் அளவு போட்டு, மேசையும் இயந்திரமும் எங்கே வரும் என்று நின்று பார்த்தால் பாதி வாதம் அங்கேயே தீரும். பிறகு அறை வாரியாக, மணி வாரியாக வாரத்துக்கு ஓர் அட்டவணை போடுங்கள். காலையில் யார், மாலையில் யார், சாவி யாரிடம், மின்கட்டணம் யார் பொறுப்பு? ஒரே அறை மூன்று தேவைக்குப் பயன்படுவது அப்போதுதான் தெரியும்.

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் பழைய டிரம் (பீப்பாய்) தொழிற்சாலை ஒன்றைப் பொதுப் பயன்பாட்டுக்கு மாற்றும் பொறுப்பை 1977-இல் ஏற்ற கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி, வார இறுதியில் மக்கள் ஏற்கெனவே அங்கே விளையாடிப் பொழுதுபோக்குவதைக் கண்டார். அந்தப் புழக்கம் கெடாமல் செங்கல் கூடங்களை அப்படியே வைத்துக்கொண்டார். பெர்லினில் எக்ஸ்ரோட்டாபிரின்ட் என்ற பழைய அச்சு இயந்திர ஆலையில், வாடகைதாரர்களே சேர்ந்து 99 ஆண்டு நில உரிமை பெற்றுத் தொழில், கலை, சமூகப் பணி மூன்றுக்கும் இடம் பகிர்ந்தார்கள்.

அந்தக் கால அளவு முக்கியம். உங்கள் ஒப்பந்தம் ஒன்றிரண்டு ஆண்டுக்குத்தான் என்றால், கழற்றி எடுத்துப்போகக்கூடிய அலமாரி, விளக்கு, தடுப்புக்கு மட்டும் செலவிடுங்கள். கூரை, கம்பிப் பழுதுக்கான செலவை உரிமையாளர் ஏற்பதாகவோ வாடகையில் கழிப்பதாகவோ எழுத்தில் வாங்கிய பிறகே கொத்தனாரை அழையுங்கள்.